ஒரே எண்ணில் ஓர் ஊர்

நான் கலியாணம் கட்டவில்லை. ஆனால் கணினியின் கணக்குப்படி, கொஞ்சக் காலம் எனக்கு ஊர் நிறையச் சொந்தம் இருந்தது. தாய்மார் பலர், தமக்கைமார் அதைவிடப் பலர், பிள்ளைகளுக்கோ கணக்கில்லை. பள்ளிவாசல் மௌலவி எனக்குத் தம்பி. எங்கள் கோயில் பாதர் எனக்கு அப்பா. பாதருக்கு என்னைவிட வயது குறைவு, அதற்கு நான் என்ன செய்ய? இதை வாசித்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நாங்கள் பகிடிக்குச் செய்யவில்லை, வேலையாகத்தான் செய்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அப்படியேதான் செய்வேன்.

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் பிறகு சந்தியில் கறிவேப்பிலை வாங்கக்கூட என்னால் போக முடியாது. மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து, தெற்கே அரிப்புப் பக்கமாகக் கரையோரம் வருகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் எங்கள் கிளை நூலகம் வரும். முன்பு சங்கக்கடையாக இருந்த கட்டடம் அது. மழைக்காலத்தில் இன்றைக்கும் ஒரு மூலையில் மண்ணெண்ணெய் மணக்கும். ஒரே மண்டபம், இரண்டு அலுமாரி, சுவரோரம் புத்தகத் தட்டுகள், ஒரு காற்றாடி. பிரதேச சபை மண்டபத்துக்குப் புதுத் தளபாடம் வந்தபோது கழித்து விட்ட கைப்பிடிக் கதிரைகள் எங்களுக்குக் கிடைத்தன. நல்ல மரம். உட்கார்ந்தால் எழும்ப மனம் வராது.

அந்தக் கதிரைகளைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் உட்காருவதையும் இருப்பது என்றுதான் சொல்வோம். ஆண்கள் இருக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. மீன்வாடி இருக்கிறது, தேத்தண்ணிக்கடை இருக்கிறது, இழுத்து ஏற்றிய வள்ளத்தின் நிழல் இருக்கிறது. ஒரு பெண் சும்மா உட்கார்ந்தால் சுகமில்லையா என்று கேட்பார்கள். கோயிலில் தனியே உட்கார்ந்தால் என்ன நேர்த்திக்கடன் என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்தால் வீட்டில் சண்டையா என்று கேட்பார்கள். நூலகத்தில் மட்டும் மடியில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

மீனைத் தரம் பிரித்துத் தெரிந்து, விற்று, சமைத்து, ஆண்கள் சாப்பிட்டுப் படுத்த பிறகு பிற்பகலில் ஒரு இடைவெளி வரும். அந்த நேரத்தில் அவர்கள் வருவார்கள். கையில் இன்னும் மீன் வாடை இருக்கும். சிலர் விழுந்து விழுந்து வாசிப்பார்கள். சிலர் ஒரே பக்கத்தை விரித்து வைத்தபடி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் எவரையும் ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதும் என் வேலையில் ஒரு பகுதி என்றுதான் நினைத்திருந்தேன்.

என்னோடு வேலை செய்கிறவள் என்னைவிட நன்றாக இளையவள். எருக்கலம்பிட்டி முஸ்லிம் குடும்பம். தொண்ணூறாம் ஆண்டில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் அவளுடைய ஆட்களையும் துரத்திய பிறகு புத்தளத்து முகாமில் பிறந்து வளர்ந்து, கலியாணம் கட்டி எங்கள் கரைக்கு வந்தவள். எனக்குக் கோபம் வந்தால் சத்தம் வரும். அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் நின்றுவிடும். எது பயங்கரம் என்று கேட்டால் அவளுடையதைத்தான் சொல்வேன்.

நூலகங்களை இணையத்தில் ஏற்றப் போகிறோம் என்று மேலிடத்தில் முடிவெடுத்ததும் எங்கள் இருவரையும் பயிற்சிக்குப் பட்டினத்துக்குக் கூப்பிட்டார்கள். குளிரூட்டிய மண்டபம். எனக்குப் பல்லுக் கிடுகிடுத்தது. கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் ஒரு சிங்களப் பெண். திரையில் ஆங்கிலம், வாயில் சிங்களம், பக்கத்தில் நின்ற ஒருவரின் வாயில் தமிழ் என்று ஒரு வசனம் எங்களிடம் வந்து சேர மூன்று தரம் பிறக்க வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தப் பெண் பொறுமைசாலி. பிழைவிட்டால் முகம் சுழிக்க மாட்டாள்.

எனக்கு எரிச்சல் மூட்டியவர்கள் மண்டபத்தில் கூட இருந்த மற்றவர்கள். நான் முதல் மின்னஞ்சலை அனுப்பியதும் கை தட்டினார்கள். தத்தித் தத்தி நடக்கிற பிள்ளைக்குத் தட்டுவது போல. எத்தனையோ வருஷமாக எண்ணாயிரம் வாசகரின் ரசனையைத் தலைக்குள் வைத்துக்கொண்டு திரிகிற எனக்கு ஒரு பொத்தானை அழுத்தியதற்குக் கைதட்டல். எண்ணாயிரம் என்பது கோபத்தில் வந்த எண், ஊரில் அவ்வளவு சனமே இல்லை. பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையைக் கிள்ளி, சும்மா இருங்கோ அக்கா என்றாள். இருந்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், எங்களுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. ஒரு புத்தகத்தின் விபரத்தை ஏற்றிவிட்டால் மாவட்டத்தின் எந்த நூலகத்திலிருந்தும் அதைத் தேடலாம். பட்டினத்தில் இருக்கிற புத்தகத்தை இங்கிருந்தபடியே ஒதுக்கி வைக்கச் சொல்லலாம். கடவுச்சொல்தான் உயிரை வாங்கியது. பெரிய எழுத்து வேண்டும், இலக்கம் வேண்டும், ஒரு குறி வேண்டும். நான் ஒவ்வொரு நாளும் மறந்தேன். கடைசியில் அவள் அதை நாட்காட்டியின் பின்பக்கத்தில் அரபு எழுத்தில் எழுதி வைத்தாள். இதை வாசிக்கத் தெரிந்தவன் இங்கே களவெடுக்க வரமாட்டான் என்றாள். எனக்கும் வாசிக்கத் தெரியாது என்பதை இருவரும் பிறகுதான் யோசித்தோம்.

சிக்கல் அங்கத்தவர் பதிவில் வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு தொலைபேசி எண் வேண்டும். எண்ணைக் கொடுத்தால் அந்தப் போனுக்கு ஓடிபி என்ற இரகசிய இலக்கம் வரும். அதைச் சில நிமிஷத்துக்குள் எங்களிடம் சொன்னால் பதிவு முடியும். கொழும்பில் இருந்து யோசித்தவர்களுக்கு இது சின்ன வேலை. எங்கள் வீடுகளிலோ நல்ல போன் ஒன்று இருந்தால் அது கடலுக்குப் போகும். கரையை விட்டு விலகினால் சிக்னல் இல்லை. இன்னும் விலகினால் இந்தியக் கம்பனியின் சிக்னல் வந்து நல்வரவு சொல்லும். போன் கரைக்கு வந்தாலோ அது தூங்குகிற புருஷனின் தலையணைக்குக் கீழே இருக்கும். ஒரு பெண் பதிவு மேசைக்கு முன்னால் நின்று, ஓடிபி இப்போது எந்தத் திசையில் மிதக்கிறதோ என்று கடலைப் பார்த்தாள். அன்றைக்கு ஒருவரையும் பதிய முடியவில்லை. அடுத்த நாளும் முடியவில்லை.

நூலகத்துக்கென்று சபை ஒரு போன் தந்திருந்தது. அந்த எண்ணில் என்னைப் பதிந்தோம். பிறகு என்னோடு வேலை செய்கிறவள்தான் அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு பொத்தானைக் கண்டாள். குடும்ப உறுப்பினரைச் சேர்க்க, என்று இருந்தது. அழுத்தினால் பெயரைக் கேட்டது, பிறகு உறவைக் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

ஊரில் நாங்கள் யாரைத்தான் முறை சொல்லாமல் கூப்பிட்டோம்? மீன் ஏற்ற வருகிறவனும் அண்ணன், கோழி களவெடுத்து அகப்பட்டவனும் தம்பி. ஆகவே கூப்பிடுகிற முறையையே பதிந்தோம். அதில் பொய் எதுவும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவே இல்லை. வந்தவர்களும் அதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு சண்டை வந்தது. நான் மாமி என்று கூப்பிடுகிற ஒருத்தி தன்னை மாமியாராகப் பதிய வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவளுக்குக் கட்டாத மகன் ஒருவன் இருக்கிறானாம், கணினியில் ஏறிவிட்டால் ஊர் கதைக்குமாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பதால் அவளைப் பெரியம்மா ஆக்கினேன். சொந்தப் போன் வைத்திருந்தவர்களும், எல்லோரையும் போல எங்களையும் போடுங்கள் என்று வந்தார்கள். பாதர் என் அப்பாவானது அப்படித்தான்.

அந்த மாதங்கள் நல்ல மாதங்கள். நூலகத்துப் போன் நாள் முழுக்கக் கிணுகிணுத்துக்கொண்டே இருக்கும். ஒதுக்கிய புத்தகம் பட்டினத்திலிருந்து வந்துவிட்டது என்றோ, தவணை முடியப் போகிறது என்றோ ஊராரின் செய்தி எல்லாம் எங்களுக்கு வரும். நாங்கள் அதை உரியவரிடம் வாயால் சொல்வோம். ஒருத்தி குவைத்தில் இருக்கும் தங்கச்சியின் முகத்தை எங்கள் திரையில் பார்த்தாள். இன்னொருத்தி கடவுச்சீட்டுக்கு இங்கிருந்தே விண்ணப்பித்தாள். யன்னலோரக் கதிரையில் வழக்கமாக உட்காரும் ஒருத்தி பட்டினத்து நூலகத்தில் என்னென்ன காதல் நாவல் இருக்கிறது என்று தேடக் கற்றுக்கொண்டு, ஒன்று முடிய ஒன்று வரவழைத்தாள். அவளை யன்னல்காரி என்றே இங்கே சொல்கிறேன். புருஷன் வள்ளக்காரன், நாலு பிள்ளைகள். புத்தகத்தை விரித்தால் காற்றாடி நின்றாலும் அவளுக்குத் தெரியாது.

பிறகு அதிகாரி போன் எடுத்தார். சபையின் தலைமைக் கந்தோரில் எங்கள் கிளைகளுக்குப் பொறுப்பானவர். கெட்டவர் இல்லை. எதையும் திரையில் கண்டால்தான் நம்புவார், அவ்வளவுதான். வருஷ அறிக்கையைக் கணினி தானாகவே போட்டுக் கொடுத்ததாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்.

“மிஸ், உங்கட கிளையை ஒரே ஒரு குடும்பம்தான் பாவிக்குது. அந்தக் குடும்பமும் உங்கடதான்.”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. விளங்கப்படுத்தினேன். அவரும் சிரித்தார். சிரித்து முடிந்ததும், ஆனால் அறிக்கை மேலே போய்விட்டது என்றார். ஒரு குடும்பத்துக்காக ஒரு கட்டடமும் இரண்டு ஆட்களும் எதற்கு என்று கூட்டத்தில் கேட்டிருக்கிறார்கள். புத்தகங்களைப் பட்டினத்துக்கு எடுத்துவிட்டு, கட்டடத்தைச் சபையின் சாமான் அறையாக்க யோசிக்கிறார்களாம். கதிரைகளை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை.

தப்ப ஒரு வழி இருக்கிறது என்றும் அவரே சொன்னார். என் குடும்பத்தைக் கலைத்துவிட்டு ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டுப் போன் எண்ணில் பதிய வேண்டும். வீட்டுக்கு ஒரு போன் இருக்கும்தானே என்றார். ஓடிபியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தலைமைக் கந்தோரிலிருந்து மாற்றினால் ஓடிபி கேட்காது. மாதிரிக்கு ஒன்று செய்து காட்டுகிறேன் என்று, நான் வாய் திறப்பதற்குள், பட்டியலில் மேலே நின்ற பெயரை எடுத்து, சபையின் தண்ணீர் இணைப்புப் பதிவில் இருந்த அவளுடைய புருஷனின் எண்ணைப் போட்டுவிட்டார். மேலே நின்றது யன்னல்காரியின் பெயர். முதல் நாள் பிற்பகலில்தான் அவள் ஒரு நாவலை இரவல் எடுத்துப் போயிருந்தாள்.

எண் மாறியதும் கணினியின் செய்தி அந்தப் புது எண்ணுக்குப் போனது. வள்ளம் கரையை நெருங்கிச் சிக்னல் பிடித்ததும் போன் கிணுகிணுத்திருக்கிறது. நீங்கள் இரவல் பெற்ற நூல் இன்னது, திருப்பித் தரும் நாள் இன்னது. நாவலின் தலைப்பு கொஞ்சம் இனிப்பான தலைப்பு. வள்ளத்தில் இருந்த ஒருவன் அதைச் சத்தமாக வாசித்தான். கரையில் மீன் தெரிந்துகொண்டிருந்த அவளைப் பார்த்து இன்னொருவன் அந்தத் தலைப்பைச் சொல்லிக் கூப்பிட்டான். புருஷன் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான். அடுத்த நாள் அந்தப் புத்தகம் கடதாசியில் சுற்றி, பக்கத்து வீட்டுக்காரியின் கையில் எங்களிடம் திரும்பி வந்தது. யன்னலோரக் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

மற்றப் பெண்கள் அதைப் பார்த்தார்கள். வீட்டு எண் என்றால் எங்களைப் பதிய வேண்டாம் என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். நூலகத்துக்குப் போவது அவருக்குத் தெரியும், எதை எடுக்கிறேன், எவ்வளவு நேரம் இருக்கிறேன் என்பதெல்லாம் அவருக்கு எதற்கு என்று கேட்டாள் நான் பெரியம்மா ஆக்கிய மாமி. கிளையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் ஆண்களின் எண்ணைப் போட வேண்டும். ஆண்களின் எண்ணைப் போட்டால் பெண்கள் வரமாட்டார்கள். கட்டடம் மிஞ்சும், கதிரைகள் மிஞ்சும், உட்கார ஆள் இருக்காது. சாமான் அறைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

எனக்கு வந்த கோபத்தை இங்கே முழுதாக எழுத முடியாது. அதிகாரியிடம் சொன்னபோது, சின்ன விசயம் மிஸ், ரெண்டு நாளில் மறந்துபோம் என்றார். அவள் மறக்கமாட்டாள் என்று சொல்லிப் போனை வைத்தேன். மேலதிகாரியிடம் போனை அப்படி வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

பயிற்சி தந்த கொழும்புப் பெண்ணின் எண் என்னோடு வேலை செய்கிறவளிடம் இருந்தது. வீடியோவில் கூப்பிட்டாள். எங்கள் அரைகுறைச் சிங்களத்திலும் அந்தப் பெண்ணின் அரைகுறைத் தமிழிலும் விசயம் போய்ச் சேர்ந்தது. புத்தளத்தில் படித்தவள் பக்கத்தில் இருந்ததால் முக்கால்வாசி அவள்தான் பேசினாள். கொழும்புப் பெண் நாங்கள் ஊரையே குடும்பமாக்கிய கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். யன்னல்காரியின் கதையைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கு ஒரு பெட்டி இருக்கிறது என்றாள். அடையாள அட்டையை நூலகத்தார் நேரில் பார்த்தார் என்று அந்தப் பெட்டியில் சரி போட்டால் போன் எண்ணே தேவையில்லை, ஒருவருக்கும் செய்தி போகாது, ஆனால் ஒவ்வொருவரும் தனி அங்கத்தவராகக் கணக்கில் வருவார்கள். அந்தப் பெட்டியைத் திறந்துவிடும் அனுமதி தலைமைக் கந்தோரிடம் இருக்கிறது.

அதிகாரியிடம் கேட்டோம். அப்படி ஒரு கிளைக்குத் திறந்தால் எல்லாக் கிளையும் கேட்கும் என்றார். பிறகு, பார்ப்பம் என்றார். எங்கள் நாட்டில் கந்தோர்க்காரர் பார்ப்பம் என்று சொன்னால் அந்த விசயத்துக்கு மண் போட்டாயிற்று என்று அர்த்தம். அடுத்த கிழமை புத்தகம் ஏற்ற லொறி வரும் என்று வேறொருவர் மூலம் செய்தி வந்தது.

அன்று பின்னேரம் நான் மண்டபத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து சத்தம் போட்டேன். மேலே முறையிட வேண்டும், பத்திரிகைக்கு எழுத வேண்டும், லொறிக்கு முன்னால் படுக்க வேண்டும் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். புத்தளத்தில் வளர்ந்தவளுக்கோ சத்தம் நின்றுவிட்டது. ஒரு கதிரையின் கைப்பிடியில் இருந்த தூசியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து முடிந்ததும் நிமிர்ந்தாள்.

“அக்கா, அவங்கட கந்தோரிலயும் கதிரை இருக்குதுதானே?”

விசயம் பெண்களுக்கு எப்படிப் பரவியது என்று கேட்காதீர்கள். போனில் பரவவில்லை. நாங்கள் இருவரும் முறைப்படி லீவு எழுதிக் கொடுத்தோம், ஒழுங்கு தெரியாதவர்கள் என்று ஒருவரும் சொல்லக் கூடாது பாருங்கள். முதல் பஸ்ஸுக்குப் போனபோது தரிப்பிடத்தில் ஒரு கூட்டம் நின்றது. சேலைகளும் ஹபாயாக்களும் சட்டைகளுமாக, எல்லோரும் கல்யாண வீட்டுக்குப் போவது போல உடுத்தியிருந்தார்கள். மாமி தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கைப்பையும் எடுத்து வந்திருந்தாள். ஒவ்வொருவர் கையிலும் எங்கள் நூலகத்துப் புத்தகம் ஒன்று இருந்தது.

யன்னல்காரியை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் தரிப்பிடத்துத் தூணுக்குப் பின்னால் தனியே நின்றாள். என்னைக் கண்டதும் கிட்ட வந்து, அந்தப் புத்தகத்தைக் கொண்டு வந்தீர்களா என்று மெல்லக் கேட்டாள். கொண்டு வந்திருந்தேன். ஏன் பைக்குள் வைத்தேன் என்று எனக்கே தெரியாது. கடதாசியைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன்.

தலைமைக் கந்தோரின் முன் மண்டபத்தில் சனம் காத்திருக்க வரிசையாகக் கதிரைகள் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் கதிரைகள். எங்களுடையதுக்குக் கால்தூசு பெறாது. கந்தோர் திறந்ததும் உள்ளே போனோம், உட்கார்ந்தோம், புத்தகத்தை விரித்தோம். வாசற்காவலர் வந்து என்ன அலுவல், எந்தப் பிரிவு என்று கேட்டார். வரிசையில் ஒவ்வொருத்தியாகக் கேட்டார். ஒவ்வொருத்தியும் தலையை நிமிர்த்தி, அலுவல் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடி புத்தகத்துக்குள் போனாள். அலுவல் இல்லாமல் ஒரு கந்தோருக்கு வந்தவர்களை அந்த மனிதர் வாழ்நாளில் கண்டிருக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போனார்.

வீட்டு வரைபடத்துக்கும் கடை அனுமதிக்கும் வந்தவர்கள் நிற்க ஆரம்பித்தார்கள். ஒரு வயதானவர் தடியோடு வந்தபோது என்னோடு வேலை செய்கிறவள் எழுந்து தன் கதிரையைக் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து வாசித்தாள். மற்றவர்கள் அசையவில்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது. பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அது சந்தோஷம் என்று தெரிந்தது.

அதிகாரி வெளியே வந்தார். என்னைக் கண்டார், விசயம் பாதி விளங்கியது. ஆனால் என்னிடம் கேட்கவில்லை. முன்வரிசையின் நடுவில் இருந்தவளிடம், என்ன அலுவலாக வந்தீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். முன்வரிசையின் நடுவில் இருந்தது யன்னல்காரி. அவள் நாவலை மடியில் வைத்திருக்கவில்லை. அட்டை வெளியே தெரிய, தலைப்பை வருகிறவர் போகிறவர் எல்லோரும் வாசிக்கும்படி, முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தாள். அதைக் கொஞ்சம் இறக்கினாள்.

“அலுவல் ஒண்டும் இல்லை, சேர். இருக்க வந்தனாங்கள்.”

சொல்லிவிட்டுப் புத்தகத்தை மறுபடி உயர்த்தினாள்.

அவர் என்னை உள்ளே கூப்பிட்டார். இது நல்லாயில்லை மிஸ் என்றார். நல்லாயில்லைத்தான் என்று ஒப்புக்கொண்டேன், கதிரைகள் நல்லாயில்லை, முதுகு நோகிறது. அவர் ஒழுங்குவிதியைச் சொன்னார். ஆணின் எண்ணை ஓடிபி இல்லாமல் போட அந்த விதி அன்றைக்கு இடம் கொடுத்தது, ஒரு பெண்ணை எண் இல்லாமல் பதிய ஏன் இடம் கொடுக்காது என்று கேட்டேன். அவர் மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டில் மனுசிக்குத் தனிப் போன் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கு என்றார்.

“அப்ப அவவிட்டக் கேட்டுப் பாருங்கோ, சேர். அவவின்ர மெசேஜ் எல்லாம் உங்கட போனுக்கு வந்தா என்ன செய்வா எண்டு.”

அவர் கேட்டாரோ தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தவர் கணினியைத் திறந்து, அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடினார். அவருக்கும் தெரியவில்லை. கொழும்புப் பெண்ணை அழைத்துக் கேட்டார். எங்களுக்குச் சொன்னதைவிட அவருக்கு அந்தப் பெண் இன்னும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். கை தட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். தட்டவில்லை.

முடிந்தது, போவோம் என்று மண்டபத்தில் வந்து சொன்னேன். எல்லோரும் எழுந்தார்கள். யன்னல்காரி மட்டும் ஒரு விரலை உயர்த்தி, அத்தியாயம் முடியட்டும் என்றாள். ஒரு கூட்டம் பெண்கள் கைப்பைகளோடு அவள் அத்தியாயம் முடியும்வரை காத்து நின்றோம்.

லொறி வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க நாங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்து ஒவ்வொருவராகத் தனியே பதிந்தோம். அதற்கு முதலில் என் குடும்பத்தைக் கலைக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் இந்த உறவை நீக்கவா என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். மௌலவி போனார், பாதர் போனார், பெரியம்மாவான மாமி போனாள். வெறும் பதிவுதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு பெயரையும் ஒருதரம் வாய்விட்டு வாசித்த பிறகுதான் அழுத்தினேன். கடைசியில் ஒரு பெயர் மிஞ்சியது. தங்கச்சி என்று நான் பதிந்திருந்த, பக்கத்துக் கதிரையில் இருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் பெயர். இல்லை என்பதை அழுத்தினேன். அவள் தேத்தண்ணி போட எழுந்து போனாள். அறிக்கையில் நாங்கள் இருவரும் இன்றைக்கும் ஒரு குடும்பம்தான்.

இப்போது கணினியில் புதிதாக ஒன்று ஏற்றியிருக்கிறார்கள். நூலகத்துக்குள் வருகிற ஒவ்வொருவருக்கும் வந்த காரணத்தைப் பதிய வேண்டும். வாசிக்க, புத்தகம் எடுக்க, இணையம் பாவிக்க, வேறு என்று நாலு தெரிவுகள். வேறு என்றால் என்ன என்று எழுத வேண்டும். வெறுமையாக விட்டால் சிவப்பு எழுத்தில் திட்டும், அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. பிற்பகலில் பெண்கள் வந்து கதிரைகளில் உட்கார்ந்த பிறகு, அவர்களிடம் ஒன்றும் கேட்காமல், நானே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘இருக்க வந்தார்’ என்று எழுதுகிறேன். யன்னல்காரிக்கும் அதேதான், அவள் வாசிக்கத்தான் வருகிறாள் என்று தெரிந்தும்.

சென்ற மாதம் அதிகாரி போன் எடுத்தார். எங்கள் கிளையில் காரணம் என்ற இடத்தில் எல்லோருக்கும் ஒரே வசனமே இருக்கிறது, கொஞ்சம் விபரமாக எழுத முடியாதா என்று கேட்டார். இதைவிட விபரமாக என்னிடம் ஒன்றும் இல்லை என்றேன். சரி மிஸ் என்று வைத்துவிட்டார். பிறகு கேட்கவில்லை. கேட்டால் கேட்கட்டும். முதல் பஸ் இன்னும் அதே நேரத்துக்குத்தான் ஓடுகிறது.